காணாமற்போன நீலத் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்த கையோடு கோரைத்துறைக் கோயில் மண்டபத்தில் கூடியிருந்தவர்களும் அவர்கள் இருந்த இடங்களும் பின்வருமாறு.

நீள மேசையின் தலைமாட்டில், கைபிடி வைத்த ஒரே கதிரையில், கோயில் மூப்பர் பெனடிக்ற். அவருக்கு வலப்பக்கம், தொப்பியை மேசைமேல் கவிழ்த்து வைத்தபடி, இன்ஸ்பெக்ரர் சிங்கராசா. இடப்பக்கம் கரைவலைகளின் சொந்தக்காரர், சம்மாட்டி கொன்ஸ்ரன்ரைன். அவர் கதிரையில் பாதிதான் இருந்தார், மற்றப் பாதி எழும்பிப் போக ஆயத்தமாக இருந்தது. கதவடியில், பிள்ளைகள் ஞானப்பாடம் படிக்கிற குட்டை வாங்கில், சர்பத் வியாபாரி றம்லா. ஐந்து பேர் இருக்கக்கூடிய அந்த வாங்கில் அவள் ஒருத்திதான் இருந்தாள். ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல், காலைத் தொங்கப்போட்டபடி, யாகப்பர்.

மூப்பருக்கு நேரெதிரே இன்னொரு கதிரை போட்டிருந்தார்கள். அது துப்பறிய வந்த எடித் மிஸ்ஸுக்கு. எடித் அந்தக் கதிரையைப் பார்த்தார், வாங்கைப் பார்த்தார், போய் றம்லாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார்.

மூப்பரின் முகம் சுருங்கியது. எடித்தைக் கூப்பிட்டவரே அவர்தான்.

எடித் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மன்னார்ச் சந்தைக்குக் கிட்ட, ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடியில் கந்தோர் வைத்து, களவு, காணாமற்போனது, கள்ளக் கையெழுத்து என்று வருகிற வழக்குகளை விசாரித்துக் கொடுத்து வந்தார். யாகப்பர் அவருடைய உதவியாள். அதற்கு முன் பஸ் கொண்டக்ரர். ரிக்கற் எடுக்காமல் இறங்கப் பார்க்கிறவனை முழியை வைத்தே பிடித்துவிடுவார் என்று பெயர். அந்தக் காலை மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தபோது, ஒருவர்கூட ரிக்கற் எடுத்தவராக அவருக்குத் தெரியவில்லை.

"விசயம் சின்னது, மிஸ்," என்று தொடங்கினார் பெனடிக்ற். "நேற்று வேஸ்பர், திருநாளுக்கு முந்தின பின்னேரம். சுத்துப்பிரகாரம் முடிஞ்சு வந்த சனம் இந்தப் பொம்பிளையிட்டை சர்பத் வாங்கிக் குடிச்சது. குடிச்ச கையோட சத்தி, வாந்தி. ஒருத்தர் ரெண்டு பேரில்லை, நாப்பது பேருக்கு மேலை. என்ர மருமோன் இன்னும் ஆஸ்பத்திரியிலை கிடக்கிறான். சர்பத் குடியாத ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. நஞ்சு போட்டது ஆர் எண்டதிலை எங்களுக்குச் சந்தேகமில்லை. என்னத்தைப் போட்டவ, ஏன் போட்டவ எண்டதை மட்டும் நீங்கள் எடுத்துத் தந்தா நாளைக்குக் கோட்டிலை லேசாயிருக்கும்."

"அப்ப விடை உங்களிட்டை இருக்கு, கணக்கை மட்டும் நாங்கள் செய்ய வேணும்," என்றார் யாகப்பர் பெட்டியின் மேலிருந்து.

"யாகப்பர்," என்றார் எடித்.

"ஓம் மிஸ். வாயை மூடிட்டன்."

இன்ஸ்பெக்ரர் தொண்டையைச் செருமினார். "சர்பத் கொழும்புக்குச் சோதனைக்குப் போகுது. மறுமொழி வரக் கிழமைக்கணக்காகும். அது வரைக்கும் இவவை உள்ளை வைக்கச் சொல்லித்தான் நாளைக்கு நீதவானைக் கேக்கப் போறன். சந்தியிலை சர்பத் விக்கிற பேமிற்றும் போகும்."

றம்லா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டாள். "வீட்டிலை மூண்டு பிள்ளையள், ஐயா. உழைக்கிறது நான் ஒருத்திதான். நஞ்சு போட்டு நாப்பது பேரைச் சாக்காட்டப் பாத்திட்டு, திரும்பி அதே சந்தியிலை ஆருக்குச் சர்பத் விப்பன்?"

கேள்வி நல்லதாகத்தான் யாகப்பருக்குப் பட்டது. ஆனால் பஸ்ஸில் ரிக்கற் எடுக்காதவர்களும் நல்ல கேள்விகளைத்தான் கேட்பார்கள்.

மேசையில் சான்றுப் பொருள்கள் இருந்தன: சர்பத் வாளி, கிளாஸ் கழுவுகிற வாளி, தேசிக்காய் வெட்டுகிற கத்தி. எடித் எழும்பிப் போய்க் கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மலிவான இரும்புக் கத்தி. பிடிக்குக் கிட்ட வெறும் இரும்பாக இருந்த அலகு, கீழே போகப் போகச் செம்மஞ்சளாக மினுங்கியது.

"துரு," என்றார் இன்ஸ்பெக்ரர்.

"துரு எண்டால் கையிலை ஒட்டும், ஐயா. இது மினுங்குது," என்றார் யாகப்பர். "தேசிக்காய் வெட்டப் பொன் பூசின கத்தி. இவவின்ர வியாபாரம் நாங்கள் நினைச்சதை விட நல்லாப் போயிருக்கு."

"நேற்றுக் காலமை இது வெள்ளையாத்தான் இருந்தது," என்றாள் றம்லா. "தேசிக்காய் வெட்டினாப் பிறகு கழுவுற வாளிக்குள்ளை போட்டு வைப்பன். பின்னேரம் எடுத்துப் பாத்தா இந்த நிறம்."

எடித் திரும்பினார். "சர்பத் வாளிக்குள்ளையோ?"

"இல்லை மிஸ். கழுவுற வாளிக்குள்ளை. அது வெறும் பைப் தண்ணி."

"இன்ஸ்பெக்ரர்," என்றார் எடித், "சனத்துக்கு நஞ்சு குடுக்க நினைச்ச ஒருத்தி கிளாஸ் கழுவுற தண்ணிக்கும் ஏன் நஞ்சு போடுவா?"

இன்ஸ்பெக்ரர் தொப்பியை நிமிர்த்தி வைத்தார்.

"தண்ணி எப்ப எடுத்தனீங்கள், றம்லா?"

"முதல் தரம் மத்தியானம், மிஸ். சந்திப் பைப்பிலை. அதைக் குடிச்ச ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. பிறகு, கோயிலிலை முதல் மணி அடிக்க, திரும்பப் போனன். பைப்பைத் திறந்தா தண்ணி இல்லை. அடைச்சுக் கிடக்குதோ எண்டு உள்ளங்கையை வைச்சுப் பாத்தன்." அவள் தயங்கினாள். "இழுத்தது."

"எது இழுத்தது?"

"பைப். என்ர கையை உள்ளுக்கை பிடிச்சு இழுத்தது. பயந்து பறிச்சு எடுத்தன். சுத்துப்பிரகாரம் தெருவாலை போன பிறகுதான் தண்ணி வந்தது. லேசா ஒரு நிறம். குழாய்ப் பாசி எண்டு நினைச்சன். சிவப்புச் சர்பத்துக்குள்ளை அந்த நிறம் எங்கை தெரியப் போகுது?"

கொன்ஸ்ரன்ரைன் வாய்விட்டுச் சிரித்தார். "பைப்பும் இப்ப பொம்பிளையளின்ர கையைப் பிடிச்சு இழுக்குதாம்." இன்ஸ்பெக்ரரும் சிரித்தார். மூப்பர் சிரிக்கவில்லை, எரிச்சலில் இருந்தார். எடித் சிரிக்காததற்கு வேறு காரணம் இருந்தது. அவருடைய வலது கால் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். அது இப்போது நின்றுவிட்டதை யாகப்பர் கண்டார். அது நின்றால் எங்கேயோ மீன் கொத்திவிட்டது என்று அர்த்தம்.

"இன்ஸ்பெக்ரர் ஐயா," என்றார் கொன்ஸ்ரன்ரைன் எழும்பியபடி, "இந்தக் கதை முடிஞ்சால் என்ர முறைப்பாட்டையும் எடுங்கோ. நேற்று ஊர் முழுக்கச் சுத்துப்பிரகாரத்திலை நிக்க, ஆரோ என்ர தொட்டியிலை களவெடுத்துப் போட்டான்."

"என்ன களவு?"

"துரிசுத் தண்ணி. வலை உளுத்துப் போகாமல் இருக்க ஊறப் போடுற நீலத் தண்ணி. நிரம்பியிருந்த தொட்டி. வந்து பாத்தா அரைவாசி இல்லை."

"தண்ணியை எடுத்துக்கொண்டு தொட்டியை விட்டிட்டுப் போயிருக்கிறான்," என்றார் யாகப்பர். "மனச்சாட்சி உள்ள கள்ளன்."

எடித் ஏற்கனவே கதவடிக்குப் போய்விட்டார். "சம்மாட்டியார், அந்தத் தொட்டியை நாங்கள் இப்ப பாக்கலாமோ?"

கோரைத்துறை பள்ளிமுனைக்கு அப்பால், கடலோரமாக நீண்டு கிடக்கிற ஊர். ஒரே தெரு, அதுவும் மணல். பெருநிலத்துக் கிணறுகளிலிருந்து கடல் தாண்டி வருகிற குழாய்த் தண்ணீர் அந்தத் தெருவின் கீழாகத்தான் ஓடியது. திருநாள் நாட்களில் புனிதரின் சொரூபம் ஊரைச் சுற்றி வரமுன்னர், தெருக்கரை வீட்டுக்காரர் எல்லாரும் தங்கள் வாசலுக்கு நேரே தண்ணீர் அடித்து மணலை நனைத்து வைப்பார்கள். வெறுங்காலோடு வருகிறவர்களுக்குச் சூடு ஆறும், சொரூபத்தில் புழுதி படாது. நேற்றைய ஈரம் இன்னும் அங்கங்கே கறுத்துக் கிடந்தது.

மூப்பர் வீட்டு வாசலில் அவருடைய மனைவி பெற்றிசியா ஒரு வெள்ளைச் சேலையின் கரையைக் கல்லில் வைத்து உரஞ்சிக்கொண்டிருந்தார். உரஞ்சிய இடம் வெளிர்ப் பச்சையாக இருந்தது.

"என்ன அக்கா, கடலாலையோ நடந்து வந்தனீங்கள்?" என்றார் யாகப்பர்.

"உனக்குப் பகிடி. நேற்றுச் சுத்துப்பிரகாரத்துக்கு உடுத்த சேலை. ஈர மணலிலை கரை இழுபட்டது, இந்தக் கோலம். என்ர மட்டுமில்லை, பீடச் சிறுவர் உடுத்த வெள்ளையும் இப்பிடித்தான். நீலக்கட்டி கூடிப்போச்சாக்கும் எண்டு வண்ணானைப் பேசி அனுப்பிப்போட்டன்."

"தெருவுக்கு எப்ப தண்ணி அடிச்சனீங்கள்?" என்று எடித் கேட்டார்.

"முதல் மணியோட. எல்லா வீடும் ஒண்டாத்தான் திறந்தது. இண்டைக்குப் பின்னேரமும் அப்பிடித்தான், பெரிய சுத்து இண்டைக்குத்தானே."

எடித் நன்றி சொல்லிவிட்டு நடந்தார். முன்னதை விட வேகமாக.

கொன்ஸ்ரன்ரைனின் வளவு தெருவின் கடைசியில், மணல்மேட்டின் உச்சியில் இருந்தது. அந்தக் காலத்தில் நைலோன் வலை வந்துகொண்டிருந்தாலும், அவருடைய கரைவலைகள் இன்னும் பருத்தி நூல்தான். அவற்றை ஊறப்போடுகிற சீமெந்துத் தொட்டி ஆளின் நெஞ்சுயரம். உள்ளே, தண்ணீர் அரைவாசிக்கு நின்றது. அதற்கு மேலே, தொட்டியின் வாய்க்குக் கிட்ட, முன்பு தண்ணீர் நின்ற மட்டம் நீலக் கோடாகச் சுவரைச் சுற்றி இருந்தது.

"துரிசு வயித்துக்குள்ளை போனா என்ன செய்யும், மிஸ்?" என்று இன்ஸ்பெக்ரர் கேட்டார்.

"உடனே சத்தி வரும். வாயிலை செம்புக்காசு வைச்ச மாதிரி இருக்கும்." எடித் தன் கொண்டையிலிருந்து இரும்பு ஊசி ஒன்றை உருவி, மணலில் தேய்த்துத் துடைத்து, தொட்டிக்குள் பிடித்தார். சற்று நேரத்தில் எடுத்துக் காட்டினார். நனைந்த பகுதி செம்மஞ்சளாக மினுங்கியது. "துரிசுக்குள்ளை இருக்கிறது செம்பு. இரும்பைக் கண்டால் வந்து ஒட்டும். றம்லாவின்ர கத்தியிலை பூசின பொன் இதுதான்."

இன்ஸ்பெக்ரர் திரும்பிக் கொன்ஸ்ரன்ரைனின் தோளில் கை வைத்தார்.

"ஐயா, பொறுங்கோ," என்றார் கொன்ஸ்ரன்ரைன், நிறம் வெளுத்து. "களவு குடுத்தவன் நான். என்ர தொட்டியிலை எடுத்து அவவின்ர வாளியிலை ஊத்தினவன் ஆரோ, அவனைப் பிடியுங்கோ."

யாகப்பருக்கு அதில் சந்தேகம் இருந்தது. தொட்டியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார், குனிந்து குனிந்து. வேலியடிக்குப் போனார், படலையடிக்குப் போனார், திரும்பி வந்தார். நெற்றியைச் சொறிந்தார்.

"மிஸ், அரைத்தொட்டித் தண்ணி எண்டால் எத்தினை வாளி? அத்தினை வாளியையும் காவிக்கொண்டு இந்த மேட்டாலை இறங்கினவன் ஒரு துளி சிந்தேல்லை. மணல் பாலாட்டம் வெள்ளையாக் கிடக்கு. வாளி காவுற எந்த மனுசனாலும் இது ஏலாது. என்ர மனிசி கிணத்தடியிலையிருந்து குசினிக்கு வரேக்கையே பாதி சிந்திப்போடும்."

"கள்ளன் வாளி கொண்டு வரேல்லை," என்றார் எடித்.

அவருடைய கண் தொட்டிக்குள் போகிற றப்பர் பைப்பில் நின்றது. வேலிக்கரைக் குழாயில் மாட்டிய பைப், தொட்டிச் சுவரின் மேலாக வந்து உள்ளே இறங்கி, அடிமட்டும் போயிருந்தது. அதன் நுனியில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகள் கட்டியிருந்தன.

"இது என்ன, சம்மாட்டியார்?"

"அது எங்கட வேலை முறை. பைப் வாய் அடியிலை கிடந்தாத்தான் வாற தண்ணி துரிசுக் கட்டியைக் கிளறிக் கரைக்கும். மேலை தொங்கவிட்டால் துள்ளித் தெறிச்சு வலையெல்லாம் புள்ளி. அதுக்குத்தான் ஈயம் கட்டி அமத்தி வைக்கிறது. இந்தக் கரையிலை வலைக்காரர் எல்லாரும் இப்பிடித்தான் செய்யிறது."

"குழாய் திறந்து கிடக்கே. தண்ணியைக் காணேல்லை."

"மேட்டுக்கு எப்ப ஏறும் எண்டு ஆருக்குத் தெரியும், மிஸ்? திறந்து விட்டிட்டுப் போறது, வரேக்கை விழும். காலமை புதுக் கட்டியும் போட்டு விட்டிருக்கிறன். இண்டைக்குள்ளை நிரம்ப வேணும்."

"நேற்றும் திறந்துதான் கிடந்ததோ?"

"ஓம். வந்து பாத்துக் களவு போனதைக் கண்டாப் பிறகுதான் பூட்டினனான்."

இன்ஸ்பெக்ரர் பொறுமை இழந்தார். "அப்ப இந்தப் பைப்பாலை நஞ்சு போயிருக்கு எண்டு சொல்லுறீங்களோ?"

கொன்ஸ்ரன்ரைனுக்கு இப்போது வேகம் வந்துவிட்டது. "எப்பிடி ஐயா போகும்? தண்ணி எனக்கு வாறது, என்னட்டையிருந்து போறதில்லை. குழாய் பெரிய தெருவாலை வந்து, சந்தியிலை இவவின்ர பைப்பைத் தாண்டி, எல்லா வீட்டையும் தாண்டி, கடைசியாத்தான் என்ர மேட்டுக்கு ஏறுது. வாலிலை கிடக்கிறவன் நான். வாலிலை போட்டது தலையிலை எப்பிடி வரும்?"

இன்ஸ்பெக்ரர் அதை யோசித்தார். யோசித்துவிட்டுத் தோளிலிருந்து கையை எடுத்தார். நியாயமான பேச்சுத்தான் அது. யாகப்பருக்கே ஒன்றும் ஓடவில்லை.

"வாலைப் பிடிச்சிட்டம், தலையைப் பிடிச்சிட்டம்," என்றார். "மாட்டைத்தான் காணேல்லை."

எடித் மேட்டில் நின்று கீழே தெருவைப் பார்த்தார். "பின்னேரச் சுத்து முடிய சனத்துக்கு என்ன குடுக்கிறது?"

"சர்பத்தைத்தான் மூப்பர் நிப்பாட்டிப்போட்டாரே," என்றார் கொன்ஸ்ரன்ரைன். "கோயில் வாசலிலை பெரிய பீப்பாவிலை பச்சைத் தண்ணி வைக்கினம். ஆளுக்கு ஒரு பேணி. சுத்து வெளிக்கிட்ட உடனை பிடிச்சு நிரப்பினா, திரும்பி வரேக்கை குளிர்மையா இருக்குமாம்."

எடித்தின் முகத்தில் அதுவரை யாகப்பர் காணாத ஒன்று தெரிந்தது. பயம்.

"இன்ஸ்பெக்ரர், முதல் மணி அடிக்க முன்னம் மூப்பரை இந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. றம்லாவையும். சம்மாட்டியார், அந்தப் பைப்பை இப்பவே தொட்டியாலை எடுங்கோ. உங்கட வீட்டிலை சாப்பாட்டுக்குப் புழங்குற சுத்தமான வாளி ஒண்டு வேணும்."

பின்னேரம் மூப்பர் வந்தார், ஆனால் சுகமாக வரவில்லை. சுற்றுப்பிரகாரத்துக்கு உடுத்த வேட்டியோடு மணல்மேடு ஏறி வந்தவருடைய முகம் இன்ஸ்பெக்ரரையே சந்தேகித்தது.

"மணி அடிக்கிற நேரம் நான் கோயிலிலை நிக்க வேணும். கோயில் வேலையாள் சங்கிலித்தாமிட்டை மணிக் கயித்தைக் குடுத்திட்டு வந்தனான். கெதியாச் சொல்லுங்கோ, ஆரைப் பிடிக்கப் போறியள்?"

"பிடிக்கிறதைப் பாக்கத்தான் உங்களைக் கூப்பிட்டது," என்றார் எடித்.

தொட்டிச் சுவரின் மேல் ஒரு வெள்ளை எனாமல் வாளி இருந்தது. ஈயக்குண்டு கட்டிய பைப் வாய் அதன் அடியில் அமர்ந்திருந்தது. அதன் வழியாக வந்த தண்ணீர் அடியிலிருந்து சின்ன ஊற்றுப் போலக் கிளம்பி வாளியை நிரப்பியது. பின்னேரம் ஆக ஆக மேட்டுக்கும் கொஞ்சம் ஏறியிருந்தது. வாளி நிரம்புகிற நேரம் யாகப்பர் ஒரு பூவரசம் இலையைப் பறித்துத் தண்ணீரில் மிதக்கவிட்டார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே காரணம் தெரியாது.

கொன்ஸ்ரன்ரைன் வாளிக்கு இந்தப் பக்கம். இன்ஸ்பெக்ரர் அந்தப் பக்கம், இரண்டு கையும் இடுப்பில். றம்லா வேலியடியில், எல்லாரையும் விட்டுத் தள்ளி. ஒருவரையொருவர் கண்ணால் அளந்துகொண்டு நின்றார்கள். சம்மாட்டியார் மூப்பரைச் சந்தேகித்தார், மூப்பர் சம்மாட்டியாரைச் சந்தேகித்தார், இன்ஸ்பெக்ரர் எடித்துக்கு வெயில் பிடித்துவிட்டதோ என்று சந்தேகித்தார்.

கீழே முதல் மணி அடித்தது.

தெரு நெடுக வாளிகள் கிணுகிணுக்கிற சத்தம், பெண்கள் கூப்பிடுகிற சத்தம், தண்ணீர் மணலில் விழுகிற சத்தம். ஒரு வீடு மிச்சமில்லாமல் எல்லாக் குழாயும் திறந்தது.

வாளியின் அடியில் கிளம்பிய ஊற்று மெலிந்தது. நூலானது. நின்றது.

"நிண்டிட்டுது," என்றார் மூப்பர். "இதைக் காட்டவோ என்னை மேடு ஏத்தினனீங்கள்?"

"இலையைப் பாருங்கோ," என்றார் எடித்.

வாளியின் விளிம்பில் நின்ற இலை ஒரு விரற்கடை கீழே நின்றது. பிறகு இரண்டு விரற்கடை. ஒருவரும் வாளியைத் தொடவில்லை. காற்றும் இல்லை. இலை மெல்லச் சுழன்றபடி, கிணற்றுக்குள் இறங்குகிறவன் போல, வெள்ளை எனாமல் சுவர் வழியாகக் கீழே கீழே போனது. றப்பர் பைப் நடுங்கியது. கடைசியில் வாளியின் அடியில் உறிஞ்சுகிற ஒரு சத்தம் கேட்டது. இலை பைப் வாயில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. வாளி வெறும் வாளி.

யாகப்பர் வாயைத் திறந்தார். சொல்ல ஒன்றும் வரவில்லை. அவருடைய வாழ்க்கையில் இது குறைவாக நடக்கிற விசயம்.

எடித் போய்க் குழாயைப் பூட்டினார்.

"குழாய் குடிச்சது நல்ல தண்ணி, பயப்பிட வேண்டாம்," என்றார். "சம்மாட்டியார் சொன்னது சரி, தண்ணி தலையாலை வந்து வாலுக்குத்தான் போறது. அது குழாய்க்குள்ளை அமுக்கம் இருக்கு மட்டும். பள்ளத்திலை அத்தினை வீடும் ஒரே நேரத்திலை வாயைத் திறந்தால் வாற தண்ணி போதாது. குழாய் எங்கை கிடைக்குதோ அங்கையிருந்து இழுக்கும். மேட்டிலை ஒரு பைப் திறந்து கிடக்குது, அதின்ர வாய் தண்ணிக்கு அடியிலை அமந்து கிடக்குது. விடுமோ? நேற்று அரைத்தொட்டித் துரிசையும் அப்பிடித்தான் குடிச்சது."

"அப்ப தெருவிலை எல்லா வீட்டுக்கும்..." என்று இன்ஸ்பெக்ரர் தொடங்கினார்.

"எல்லா வீட்டுக்கும்தான் போனது. ஆனால் அந்த நேரம் தண்ணியை ஆர் குடிச்சது? மணல் குடிச்சது. சேலைக் கரையும் பீடச் சிறுவரின்ர வெள்ளையும் குடிச்சது. சந்தி கொஞ்சம் உயரம், அதாலை முதல்லை றம்லாவின்ர கையை இழுத்தது. மற்றவை பூட்டினாப் பிறகு குழாய்க்குள்ளை மிச்சம் நிண்டது சந்திக்கு ஏறிவர, அதை வாளியிலை பிடிச்சு மனுசருக்குக் குடுத்தது அவ ஒருத்திதான். அதுதான் சர்பத் குடிச்சவைக்கு மட்டும் சத்தி."

"கள்ளன் குழாயோ?" என்றார் இன்ஸ்பெக்ரர்.

"விலங்கு பொருந்தாது, ஐயா," என்றார் யாகப்பர், குரல் திரும்பி வந்து. "கை பெருசு."

மூப்பர் தலையை ஆட்டினார். விட்டுக்கொடுக்க மனமில்லாத ஆட்டம். "கதை வடிவாத்தான் கிடக்கு, மிஸ். ஆனால் இந்தத் தொட்டி எத்தினை வருசமாக் கிடக்குது. ஈயம் கட்டின பைப்பும் கிடக்குது. தெருவுக்குத் தண்ணியும் வருசா வருசம் அடிக்கிறதுதான். ஒரு வருசமும் நடவாதது இந்த வருசம் மட்டும் ஏன் நடந்தது?"

"அதைத்தான் நானும் கேக்க வந்தனான்," என்றார் எடித். "முந்தின வருசங்களிலை எப்ப தண்ணி அடிச்சவை?"

பதில் கொன்ஸ்ரன்ரைனிடமிருந்து வந்தது. "அவரவர் வசதிக்கு. மத்தியானம் சிலபேர், வெயில் தாழச் சிலபேர். இந்த முறைதான் எல்லாரும் ஒண்டா..." அவர் பாதியில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு மூப்பரைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்ரரும் மூப்பரைப் பார்த்தார்.

பெனடிக்ற் வெறும் வாளிக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். பைப் வாயில் இலை இன்னும் ஒட்டியிருந்தது.

"போன வருசம் முந்தி அடிச்சதெல்லாம் காஞ்சு போச்சு," என்றார் அவர், ஒருவருக்கும் இல்லாமல். "சொரூபத்திலை புழுதி. பங்குச் சுவாமி என்னைக் குறை சொன்னவர். அதாலை இந்த முறை நான்தான் பூசையிலை அறிவிச்சனான். முதல் மணிக்கு எல்லாரும் ஒண்டாத் திறக்க வேணும், ஒரு வீடும் தப்பக் கூடாது எண்டு."

கீழே சுற்றுப்பிரகாரத்துக்குச் சனம் கூடுகிற சத்தம் கேட்டது. மூப்பர் அதற்குப் போகவில்லை.

அன்று பொழுதுபட முன்னரே, மண்டபத்தின் நீள மேசையில் அவர் நீதவானுக்குக் கடிதம் எழுதினார். முறைப்பாட்டை மீளப் பெறுகிற கடிதம். எழுதி முடித்ததும் இன்ஸ்பெக்ரரிடம் நீட்டினார்.

"வாசியுங்கோ," என்றாள் றம்லா வாங்கிலிருந்து. "எனக்கும் கேக்கட்டும்."

மூப்பர் கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தார். 'நேற்றைய சம்பவம் தொடர்பாகச் சந்தேகிக்கப்பட்ட சர்பத் விற்கும் பெண்ணை மன்னித்து விடுவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

"மன்னிக்க நான் என்ன செய்தனான்?"

மூப்பர் தாளைக் கீழே வைத்தார்.

"இன்ஸ்பெக்ரர் ஐயா ஸ்ரேசனிலை உங்கட முறைப்பாட்டை வாசிச்சவர். 'சர்பத் விற்கும் ஒரு சோனகப் பெண்' எண்டு, நான் முஸ்லிம் எண்டது மட்டும் கிடந்தது. இந்த ஊர்ச் சந்தியிலை எத்தினை திருநாளுக்கு நான் கடை போட்டிருப்பன்? என்ர பேர் உங்களுக்குத் தெரியும், மூப்பர். குற்றம் சொல்லேக்கை பேர் இல்லை. குற்றம் இல்லை எண்டு சொல்லேக்கையாவது பேரைப் போடுங்கோ."

யாகப்பருக்கு நாக்கின் நுனியில் ஒன்று வந்தது. முழுங்கிவிட்டார்.

பெனடிக்ற் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். புதுத் தாள் எடுத்தார். இந்த முறை மெதுவாக எழுதினார், ஒரு இடத்தில் நின்று, தலையைத் தூக்காமல், "தகப்பன்ர பேர்?" என்று மட்டும் கேட்டார். றம்லா சொன்னாள். முடித்துவிட்டு எழும்பி நின்று வாசித்தார்.

'மன்னார் மூர்வீதியைச் சேர்ந்த அப்துல் காதர் மகள் றம்லா மீது நான் செய்த முறைப்பாடு தவறானது. அவரிடம் யாதொரு குற்றமும் இல்லை. வலைத் தொட்டிக்குள் அமிழ்ந்து கிடந்த பைப்பின் வழியாகத் துரிசு நீர் பொதுக் குழாய்க்குள் இழுபட்டதை நான் கண்ணால் கண்டேன். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொன்னவன் நான். இனிமேல் எந்தத் தொட்டியிலும் பைப் வாய் விளிம்புக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கவேண்டும் என்று பூசையில் அறிவிப்பேன். தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் ஒருவழி வால்வுகளை இவ்வூர்க் குழாய்களுக்குப் பொருத்தித் தருமாறு உரியவர்களுக்கும் எழுதுவேன். நேற்று வருந்தியவர்களுக்கு நானே பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.'

அடியில் கையெழுத்து வைத்தார். எடித் சாட்சியாக வைத்தார். கொன்ஸ்ரன்ரைன் கேட்காமலே வந்து வைத்தார்.

கடிதம் மடிந்து உறைக்குள் போனது. மெழுகுதிரியில் பிடித்த அரக்கு உருகி உறையின் வாயில் சொட்டியது. கோயில் முத்திரையைக் கையில் எடுத்த மூப்பர் அதை அழுத்தவில்லை. வாங்குப் பக்கம் பார்த்தார்.

"ஒட்டட்டோ, றம்லா?"

அவள் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். இரண்டு நாளாக அவளுக்கு ஒருவரும் நேரம் கொடுக்கவில்லை.

"ஒட்டுங்கோ," என்றாள்.

முத்திரை அழுந்தியது. இன்ஸ்பெக்ரர் உறையை உள்பையில் வைத்து, தொப்பியைப் போட்டு, நீதவானின் பங்களாவுக்கு ஜீப்பை எடுத்தார்.